உங்கள் ஹாலில் அது எப்படிக் கேட்கும்?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்துக்குப் பிறகு நடந்த ‘தெரிந்ததைப் பகிர்வோம்’ நிகழ்ச்சியில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் ரிப்பேர் தொழிலில் பல வருடம் இருந்தவன் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள். எந்தக் கம்பெனி நல்லது என்று நான் சொல்லப்போவதில்லை. அதைச் சொன்னால் ஆறு மாதத்தில் அந்த மாடலே சந்தையில் இருக்காது. வீட்டு ஆடியோ சாதனம் பற்றி ஒருவர் எழுதும் ரிவ்யூவில் எது நமக்கு உதவும், எது உதவாது என்பதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

நம் வாட்ஸ்அப் குழுவில் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. “டி.வி.யில் பேசுவது சரியாகக் கேட்கவில்லை. நல்ல சவுண்ட்பார் எது?” பத்து நிமிடத்தில் பதில்கள் குவிந்துவிடும். “எங்க வீட்ல இருக்கு, சூப்பர் சார்.” “அதை வாங்காதீங்க மேடம், வேஸ்ட்.” “பேஸ் செம.” கேட்டவர் இவற்றை வைத்துக்கொண்டு என்ன முடிவுக்கு வருவார்? கடைசியில் எதற்குத் தள்ளுபடி அதிகமோ அதை வாங்குவார்.

பதில் சொன்னவர்கள் எல்லோரும் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். அவர்கள் வீட்டில் அது சூப்பராகவே இருக்கலாம். ஆனால் கேட்டவருக்கு வேண்டியது வேறு. என் வீட்டு ஹாலில், என் காதுக்கு, நான் கேட்கிற நிகழ்ச்சிக்கு அது எப்படி இருக்கும் என்பதுதான் அவர் கேள்வி. அதற்கு எவ்வளவு தூரம் பதில் சொல்கிறதோ, அவ்வளவு தூரம்தான் ஒரு ரிவ்யூ பயன்படும்.

இது பொழுதுபோக்குச் சமாச்சாரம்தானே என்று நினைக்க வேண்டாம். இருபதாயிரமோ ஐம்பதாயிரமோ கொடுத்து வாங்கினால், நம்மில் பலர் எட்டுப் பத்து வருடம் அதோடுதான் இருப்போம். பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் இன்னொன்றும் உண்டு. வசனம் புரியாவிட்டால் அவர்கள் சத்தத்தைக் கூட்டச் சொல்வார்கள், மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். கொஞ்ச நாளில் அவர்கள் எழுந்து தங்கள் அறைக்குப் போய்விடுவார்கள். சரியான சாதனம் இருந்தால் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து செய்தி பார்க்கலாம்.

அறையைச் சொல்ல வேண்டும்

ரிவ்யூவில் நான் முதலில் தேடுவது அறையைத்தான். ஒரே ஸ்பீக்கர் இரண்டு அறைகளில் இரண்டு விதமாகக் கேட்கும். காரணம் எளிது. 50 ஹெர்ட்ஸ் பேஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 7 மீட்டர், அதாவது 22 அடிக்கும் மேலே. நம் ஹால் 15 அடி, 10 அடி. இந்த ஒலி சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும்போது சில இடங்களில் குவிகிறது, சில இடங்களில் தேய்கிறது. 15 அடி நீள ஹாலில் 37, 38 ஹெர்ட்ஸ் பக்கமும், 10 அடி அகலத்தில் 56 ஹெர்ட்ஸ் பக்கமும் இது நடக்கும். சுவரை ஒட்டிப் போட்ட சோபாவில் உட்கார்ந்தால் பேஸ் பொங்கும். அதே பாட்டில், அறையின் நடுவில் நின்றால் மெலிந்துவிடும். இதில் ஸ்பீக்கரின் குற்றம் எதுவும் இல்லை.

வெளிநாட்டு ரிவ்யூக்களைப் படிக்கும்போது இதை மனதில் வையுங்கள். அமெரிக்காவில் பல வீடுகளில் மரச் சட்டத்தின் மேல் ஜிப்சம் பலகை அடித்த சுவர், தரையில் கார்ப்பெட். அந்தச் சுவர் லேசாக அதிர்ந்து பேஸைக் கொஞ்சம் விழுங்கிக்கொள்ளும். கார்ப்பெட் மேல் ஸ்தாயி ஒலிகளை விழுங்கும். நம் வீட்டில் கான்கிரீட், செங்கல் சுவர், டைல்ஸ் தரை, பால்கனிக் கண்ணாடிக் கதவு. எதுவும் விழுங்காது, எல்லாம் திருப்பி அனுப்பும். அங்கே “பேஸ் போதவில்லை” என்று எழுதப்பட்ட ஸ்பீக்கர் இங்கே போதுமானதாக இருக்கலாம். அங்கே “பளிச்சென்று இருக்கிறது” என்று பாராட்டப்பட்டது இங்கே காதைக் குத்தலாம்.

ஆகவே அறையின் நீள அகலம் அடிக் கணக்கில், தரை என்ன, திரைச்சீலை உண்டா, ஸ்பீக்கர் எங்கே வைக்கப்பட்டது, கேட்பவர் எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்தார் என்பதை இரண்டு வரியில் சொல்லும் ரிவ்யூ, பத்துப் பாராட்டை விட மேல். ஃபேன் ஓடிக்கொண்டிருந்ததா என்றும் சொல்ல வேண்டும். கதவை மூடி ஏ.சி. போட்ட அறையில் கேட்ட நுணுக்கமெல்லாம், ஃபேன் ஐந்தில் சுழலும் ஹாலில் கேட்காது.

எவ்வளவு சத்தத்தில், எதோடு ஒப்பிட்டு?

அடுத்தது சத்தத்தின் அளவு. நம் காது எல்லாச் சத்தத்திலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. 1933ல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் இதை அளந்து வெளியிட்டார்கள். சத்தத்தைக் குறைக்கக் குறைக்க, மற்ற ஒலிகளை விட பேஸ் நம் காதுக்கு வேகமாகக் குறைந்துவிடும். அதனால்தான் பழைய ஆம்ப்ளிஃபயர்களில் ‘லவுட்னெஸ்’ என்று ஒரு பட்டன் இருந்தது. மெதுவாக வைத்துக் கேட்கும்போது அதை அழுத்தினால் பேஸைத் தூக்கிக் கொடுக்கும்.

ரிவ்யூ எழுதுபவர் பகலில் நல்ல சத்தமாக வைத்துக் கேட்டிருப்பார். நாமோ குழந்தை தூங்கிய பிறகு, ராத்திரி ஒன்பதரை மணிக்கு மெதுவாக வைத்துக் கேட்கிறவர்கள். மெதுவாக வைத்தபோதும் வசனம் புரிகிறதா என்று எழுதாத ரிவ்யூ நமக்குப் பாதிதான் உதவும்.

ஒப்பிடும்போதும் இதில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்று கொஞ்சம் சத்தமாக ஓடினால் போதும், அதுதான் தெளிவு, அதுதான் உயிரோட்டம் என்று காது சொல்லிவிடும். கடைகளில் விற்க வேண்டிய மாடலின் வால்யூம் ஒரு புள்ளி கூடுதலாக இருந்தால் உங்களால் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே “பழையதை விட இது நன்றாக இருக்கிறது” என்று ஒருவர் எழுதினால், இரண்டையும் ஒரே சத்தத்தில் வைத்தாரா என்று கேளுங்கள். இதற்குப் போனில் உள்ள டெசிபல் ஆப் போதும். அது துல்லியமான கருவி இல்லைதான். ஆனால் ஒரே போனை ஒரே இடத்தில் வைத்து, ஒரே பாட்டை ஓடவிட்டு இரண்டையும் அளந்தால், ஒப்பிடுவதற்குப் பயன்படும்.

எதோடு ஒப்பிட்டார் என்பதும் முக்கியம். டி.வி.யின் சொந்த ஸ்பீக்கரோடு ஒப்பிட்டால் எந்த சவுண்ட்பாரும் அற்புதம்தான். அதே விலையில் கிடைக்கும் ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரோடு ஒப்பிட்டால் அபிப்பிராயம் மாறலாம்.

எதைக் கேட்டார்?

‘கிளாரிட்டி’, ‘பஞ்ச்’, ‘டெப்த்’. இந்தச் சொற்களைத் தனியாக எழுதினால் ஆளுக்கு ஒரு அர்த்தம். ஒரு உதாரணத்தோடு சேர்த்தால்தான் அவை பேசும். “மிருதங்கத்தின் வலது பக்கச் சொல் துல்லியமாக விழுகிறது, தொப்பிப் பக்கம் மட்டும் மொத்தையாகக் கேட்கிறது.” “தம்பூரா பின்னால் இருப்பது தெரிகிறது.” “செய்தி வாசிப்பவரின் ‘ச’ எழுத்து சீறுகிறது.” “சண்டைக் காட்சியில் வசனம் அமுங்கிவிடுகிறது, ஒவ்வொரு முறையும் ரிமோட்டைத் தேட வேண்டியிருக்கிறது.” இப்படி எழுதினால் நாமும் அதே இடத்தைப் போட்டுக் கேட்டுச் சரிபார்க்கலாம்.

எழுதியவரின் ரசனையும் இதிலேயே தெரிந்துவிடும். கச்சேரியும் பழைய பாட்டும் கேட்கும் வீட்டுக்கு, ஆக்‌ஷன் படம் மட்டும் போட்டுப் பார்த்தவரின் அபிப்பிராயம் பொருந்தாது. இரண்டு பேர் மேலும் தப்பில்லை.

வாட்ஸ் கணக்கு

பழைய டூ-இன்-ஒன் செட்டுகளின் பெட்டியில் ‘2000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது பலருக்கு நினைவிருக்கும். அந்த எண்ணுக்கும் நாம் கேட்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. தொடர்ந்து தரக்கூடிய சக்தியை ஆர்.எம்.எஸ். என்று போடுவார்கள். அதையாவது பாருங்கள்.

நீங்களே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். அடாப்டரில் ஓடும் ஸ்பீக்கராக இருந்தால், அடாப்டரில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்றிருந்தால், பெருக்கினால் 24 வாட்ஸ். உள்ளே போவது 24 வாட்ஸ் என்றால், கண நேர உச்சத்தில் சேமிப்பிலிருந்து கொஞ்சம் கூடுதலாக வரலாமே தவிர, தொடர்ந்து 100 வாட்ஸ் வெளியே வராது. பெட்டியில் இருப்பதை அப்படியே திருப்பி எழுதுகிற ரிவ்யூவையும், இப்படி ஒரு கணக்குப் போட்டுப் பார்த்த ரிவ்யூவையும் படித்தாலே வித்தியாசம் தெரியும்.

வாட்ஸ் இரண்டு மடங்கானால் சத்தம் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு ‘இரண்டு மடங்கு சத்தம்’ என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு சக்தி வேண்டும். தனி ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் சென்சிட்டிவிட்டியையும் பார்க்க வேண்டும். 84 டெசிபல் என்று போட்ட ஸ்பீக்கர், 90 டெசிபல் ஸ்பீக்கர் தரும் சத்தத்தைத் தர நான்கு மடங்கு சக்தி கேட்கும். இது புரிந்தால், 60 வாட்ஸுக்கும் 80 வாட்ஸுக்கும் நடுவில் ஐயாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்கத் தயங்குவீர்கள்.

காதா, கருவியா?

ரிவ்யூ உலகத்தில் இது பழைய சண்டை. 1962ல் ஜே. கார்டன் ஹோல்ட் என்பவர் அமெரிக்காவில் ‘ஸ்டீரியோஃபைல்’ பத்திரிகையைத் தொடங்கினார். சாதனத்தை உட்கார்ந்து கேட்டு, எப்படிக் கேட்கிறது என்று எழுத வேண்டும் என்பது அவர் கட்சி. பிற்காலத்தில் அதே பத்திரிகை, கேட்டவரின் அபிப்பிராயத்தோடு கருவியில் அளந்த வரைபடத்தையும் சேர்த்து வெளியிடத் தொடங்கியது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வாசகரே ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

காதை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் பதில் உண்டு. ஃப்ளாய்ட் டூல் என்ற ஒலியியல் அறிஞரும் அவரோடு பணியாற்றிய ஷான் ஆலிவும் 1994ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அதே ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்து ஒரு முறை, கண்ணுக்குத் தெரியும்படி வைத்து ஒரு முறை, கேட்பவர்களிடம் மதிப்பெண் கேட்டார்கள். கண்ணால் பார்த்ததும் மதிப்பெண்கள் மாறின. பெயரும் உருவமும் விலையும் காதுக்குள் புகுந்துவிட்டன. அனுபவம் உள்ளவர்களும் இதற்கு விலக்கு இல்லை.

நம் வீட்டில் திரை கட்ட வேண்டியதில்லை. நீங்கள் திரும்பி உட்காருங்கள், பையனையோ பெண்ணையோ விட்டுப் பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். ஐந்து முறையில் எத்தனை முறை சரியாகச் சொன்னீர்கள் என்று எழுதுங்கள். அந்த ஒரு வரிக்கு நல்ல மதிப்பு உண்டு.

காசு யாருடையது?

அமெரிக்காவில் ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ என்ற அமைப்பு 1936லிருந்து இயங்குகிறது. சோதிக்கும் பொருட்களைக் கடையில் காசு கொடுத்து வாங்குவது அதன் வழக்கம். கம்பெனி அனுப்பும் பொருள் தேர்ந்தெடுத்து அனுப்பியதாக இருக்கலாம், கடையில் கிடைப்பதுதான் நமக்குக் கிடைக்கும் என்பது அதன் நியாயம்.

நம் நாட்டில், பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு சமூக ஊடகத்தில் பரிந்துரைப்பவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று விளம்பரத் தரக் கவுன்சில் 2021ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. இணையத்தில் வரும் வாடிக்கையாளர் ரிவ்யூக்களை எப்படித் திரட்டி, சரிபார்த்து வெளியிட வேண்டும் என்பதற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022ல் ஐ.எஸ். 19000 என்ற தர நிர்ணயத்தைக் கொண்டுவந்தது.

இலவசமாக வந்த சாதனத்தைப் பற்றி நேர்மையாக எழுதவே முடியாது என்று நான் சொல்லவில்லை. வாங்கியதா, வந்ததா என்று சொல்லிவிட்டால் மீதியை வாசகர் பார்த்துக்கொள்வார். சொந்தக் காசு போட்டவருக்கும் ஒரு சாய்வு உண்டு. நாற்பதாயிரம் கொடுத்தவருக்கு அது நன்றாக இல்லை என்று சொல்ல மனம் வராது. அதனால்தான், கடையில் கொடுத்த விலையையும், இன்று மறுபடி வாங்குவீர்களா என்பதற்குப் பதிலையும் சேர்த்து எழுதச் சொல்கிறேன்.

மூன்று மாதம் கழித்து

பெட்டி திறந்த அன்றைக்கு எழுதும் ரிவ்யூவில் தெரியாத விஷயங்கள் நிறைய. நம் வீட்டுக்கு முக்கியமானவை அவைதான். கரண்ட் போய் ஜெனரேட்டர் மாறும்போது சவுண்ட்பார் தானாகப் பழைய நிலைக்கு வருகிறதா, அல்லது ஒவ்வொரு முறையும் மறுபடி ‘பேர்’ செய்ய வேண்டுமா? டி.வி. ரிமோட்டிலேயே சத்தம் கூடிக் குறைகிறதா, அல்லது வீட்டுப் பெரியவர்கள் மூன்று ரிமோட்டோடு மல்லாட வேண்டுமா? புளூடூத்தில் இணைத்தால் உதட்டசைவும் பேச்சும் ஒத்துப்போகின்றனவா? எச்.டி.எம்.ஐ. வயரில் இணைத்தால் சரியாகிறதா? ரிப்பேர் என்றால் ஆள் வீட்டுக்கு வருகிறாரா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? உதிரி பாகம் கிடைக்கிறதா?

என் அனுபவத்தில், ரிப்பேருக்கு வந்தவர்களில் பாதிப் பேர் ஒலியின் தரத்தைப் பற்றிக் குறை சொன்னதில்லை. இப்படிப்பட்ட அன்றாடத் தொல்லைகளைத்தான் சொன்னார்கள்.

கீழ் வீட்டுக்காரர்

இது அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கான பகுதி. எந்தப் பத்திரிகை ரிவ்யூவிலும் இது அதிகம் வராது. உங்கள் வீட்டுப் பாட்டின் மேல் ஸ்தாயி ஒலிகளைச் சுவரும் கதவும் பெருமளவு தடுத்துவிடும். பேஸை அவ்வளவு எளிதில் தடுக்க முடியாது. தரையில் வைத்த சப்வூஃபரின் அதிர்வு தளம் வழியாக அடுத்த வீட்டுக்குப் போகும். கீழ் வீட்டில் இருப்பவருக்குப் பாட்டு எது என்று தெரியாது. ‘தம் தம்’ மட்டும் தெரியும். மறுநாள் காலை அலுவலகம் போகிறவருக்கு, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு, உடம்பு சரியில்லாமல் படுத்திருப்பவருக்கு அது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள், 2000 குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. விதியைக் காட்டிச் சண்டை போடும் நிலைக்கு வராமல் இருப்பதுதான் நமக்கு வேண்டியது. ஆகவே நம்மவர் எழுதும் ரிவ்யூவில் இரண்டு கேள்விக்குப் பதில் இருக்கட்டும். சப்வூஃபரின் சத்தத்தை மட்டும் ரிமோட்டிலேயே தனியாகக் குறைக்க முடிகிறதா? ராத்திரி ஒன்பது மணிக்கு நீங்கள் வழக்கமாக வைக்கும் சத்தத்தில் வைத்துவிட்டு, கீழ் வீட்டில் கேட்டீர்களா, அவர்கள் என்ன சொன்னார்கள்?

ஒரு மாதிரி

இவ்வளவும் சொன்னால் எழுதப் பயமாக இருக்கும். ஆனால் எழுத வேண்டியது பத்து வரிதான். உதாரணத்துக்கு நானே ஒன்று எழுதிப் பார்த்தேன்.

“சப்வூஃபருடன் கூடிய சவுண்ட்பார். சொந்தக் காசில், 18,500 ரூபாய்க்கு வாங்கி நான்கு மாதம். ஹால் 16-க்கு 11 அடி, டைல்ஸ் தரை, ஒரு பக்கம் திரைச்சீலை. டி.வி.க்குக் கீழே ஸ்டாண்டில் வைத்து ஒன்பது அடி தூரத்தில், ஃபேன் ஓடும்போது கேட்கிறோம். செய்தி, சீரியல் வசனம் மெதுவாக வைத்தாலும் புரிகிறது. 78 வயது அம்மா சத்தம் கூட்டச் சொல்வது குறைந்துவிட்டது. பாட்டுக்குச் சுமார்தான், வயலின் மெலிதாகக் கேட்கிறது. சப்வூஃபரை மூலையில் வைத்தபோது அதிர்ந்தது, நகர்த்திப் பாதியாகக் குறைத்த பிறகு கீழ் வீட்டில் தெரியவில்லை என்றார்கள். கரண்ட் போய் வந்தால் தானாக ஆன் ஆவதில்லை. டி.வி. பார்ப்பவர்கள் வாங்கலாம். கச்சேரி கேட்பவர்கள் இதை வாங்க வேண்டாம்.”

இதில் பெரிய ஞானம் எதுவும் இல்லை. ஆனால் இதைப் படிக்கும் சி பிளாக் வீட்டுக்காரர் தன் ஹாலை நினைத்துப் பார்த்து, வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுத்துவிடுவார். கடைசி வரியைக் கவனியுங்கள். யார் வாங்க வேண்டாம் என்று சொல்லாத ரிவ்யூ முடிவடையாத ரிவ்யூ.

அடுத்த இதழிலிருந்து ‘வாங்கியவர் சொல்கிறார்’ என்று ஒரு பக்கம் ஒதுக்க ஆசிரியர் குழு சம்மதித்திருக்கிறது. ஸ்பீக்கர், சவுண்ட்பார், ஹெட்ஃபோன், பழைய ரேடியோ எதுவானாலும் எழுதுங்கள். நம் பிளாட்டுகள் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே டைல்ஸ், ஒரே ஜெனரேட்டர். பக்கத்து பிளாக்கில் உள்ளவர் எழுதும் பத்து வரி, அமெரிக்காவில் எழுதிய பத்துப் பக்கத்தை விட நமக்கு நெருக்கமானது. முடிந்தால், வாங்க யோசிப்பவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உங்கள் வீட்டுக்கு அழைத்து, அவர் கொண்டுவரும் பாட்டை ஒரு அரை மணி நேரம் கேட்க விடுங்கள். அதைவிட நல்ல ரிவ்யூ கிடையாது.